நிற்கும் வாரம்

பைக் ஏரி, மிச்சிகன்
செப்டம்பர் 14, 1997

மருமகள் நேடீனுக்கு,

இதைச் சொல்வது நான், உன் மாமனார் வில்ஹோ. எழுதுவது பக்கத்து வீட்டு செல்மா. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குப் புதிதல்ல. போனைக் காதில் வைத்தால் தேனீக்கூடுதான் இரைகிறது என்பதும் தெரியும். ஆகவே செல்மாவின் கையைப் பிடித்திருக்கிறேன். “கையப் பிடிச்சேன்னு எழுதணுமா? ஊர்ல வேற மாதிரி பேசுவாங்களே” என்கிறாள். எழுது என்றேன்.

நீ அனுப்பிய கடிதத்தைப் படித்துக் காட்டினாள். பிள்ளைகளை இந்த வருடமும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லப் போகிறாயாம். ஆர்னி இருந்தவரை சரி. என் மகன் பகலில் மரம் வெட்டப் போனால் நீ பாடம் சொன்னாய், இருட்டியபின் அவன் வந்து கணக்குப் பார்த்தான். இப்போது நீ ஒருத்தி. உன் அக்கா வீட்டு மாடியில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? பள்ளியின் மஞ்சள் பேருந்து வாசலுக்கே வருகிறதாமே, ஏற்றி விட வேண்டியதுதானே.

சரித்திரத்துக்கு மட்டும் மூன்று புத்தகம் வாங்கியிருக்கிறாய். ஒரே நாட்டுக்கு எதற்கு மூன்று சரித்திரம்? இரண்டை விற்றுவிடு.

ஆர்னியின் பழைய தோல் பூட்ஸ் மேல் தலையை வைத்துத்தான் நாய் தூங்குகிறது. நகர்த்தப் போனால் உறுமுகிறது. நான் நகர்த்துவதில்லை.

வில்ஹோ


ஹேடன், அயோவா
செப்டம்பர் 28, 1997

மாமாவுக்கு,

நீங்கள் கடிதம் போடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜூன் மாதம் நாங்கள் காரில் ஏறியபோது நீங்கள் வெளியே வரவில்லை. சின்னவள் ஓப்பல் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாலை திரும்பும் வரைக்கும் கையை ஆட்டினாள். யாருக்கு ஆட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுப் பாடம் ஆர்னியும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. அவர் இல்லை என்பதற்காக அதையும் விட்டுவிட்டால் எனக்கு அவரிடமிருந்து மிச்சம் என்ன?

மூன்று புத்தகம் எதற்கென்று கேட்டீர்கள். ஐரிஸுக்குப் பதினான்கு வயது. அவளுடைய புத்தகம் செங்கல் கனம். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களெல்லாம் அதில் இருக்கின்றன. ஹ்யூகோவுக்குப் பத்து. அவனுக்கு வரைபடமும் பீரங்கியும் இருந்தால் போதும், அவனுடையது அப்படிப்பட்டது. ஆறு வயது ஓப்பலுக்கு அந்தச் செங்கலைப் படித்துக் காட்ட முடியுமா? அவளுடையது படப் புத்தகம். ஆனால் மூன்றும் அதே போர், அதே லிங்கன். ஒரே காலத்தில் மூவரும் இருந்தால்தான் சாப்பாட்டு மேசையில் ஒருவரோடு ஒருவர் பேச முடியும். இல்லாவிட்டால் ஒருத்தி ரோமாபுரியில் இருப்பாள், இன்னொருவன் சந்திரனில் இறங்கிக்கொண்டிருப்பான். நடுவில் ஓடி ஓடி நான் செத்துப்போவேன்.

கூடத்துச் சுவர் நீளத்துக்கு இறைச்சிக்கடைக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதில் வருடங்கள் வரிசையாக உண்டு. படிப்பதை அவரவர் அங்கே வரைய வேண்டும். ஆர்னி ஏற்படுத்திய விதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: முந்திப் போனவர் நிற்க வேண்டும், பின்னால் வருபவரை இழுக்கக் கூடாது. அதற்காகவே அட்டவணையில் அங்கங்கே ஒரு வாரத்தைக் காலியாக விடுவோம். ‘நிற்கும் வாரம்’ என்பார் அவர்.

மே மாதம் ஓர் ஆசிரியை வந்து பிள்ளைகளின் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நீங்கள் சொன்ன மஞ்சள் பேருந்துதான். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நேடீன்


பைக் ஏரி
அக்டோபர் 19, 1997

நேடீனுக்கு,

எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நீங்கள் கிளம்பியபோது நாய் காரின் பின்னாலேயே ஓடப் பார்த்தது. கொட்டகையில் கட்டிவைத்து அதன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வராததற்குக் காரணம் அது. வேறு காரணமும் இருக்கலாம். செல்மா பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். “அவ்வளவுதான். அடுத்ததை எழுது” என்றேன்.

அந்த விதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது ஆர்னி ஏற்படுத்தியதல்ல. காலில் சறுக்குக் கட்டை மாட்டிப் பனியில் போகும்போது அவன் அம்மா சொல்வாள். அவளுக்கு இழைப்பு நோய். முன்னால் போய்விடுவது நாங்கள்தான். ஏரிக்கு நடுவில் நின்று திரும்பிப் பார்ப்போம். அவள் ஒரு புள்ளியாக வந்துகொண்டிருப்பாள். ஆர்னிக்கு அப்போது ஏழு எட்டு வயதிருக்கும். “அம்மா, வேகமா வா” என்று ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான்.

இந்த வருடம் குளிர் முந்திவிட்டது. ஏரியோரம் கண்ணாடி போல ஐஸ் பிடித்துவிட்டது. நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் திரை போட்டுவிட்டேன்.

வில்ஹோ


ஹேடன்
டிசம்பர் 9, 1997

மாமாவுக்கு,

இதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. அக்காவிடம் சொன்னேன். “பள்ளிக்கூடத்துல போடுடி, சரியாயிடும்” என்கிறாள். நீங்களும் அதையே சொல்லக்கூடும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். மூன்று புத்தகங்களையும் பக்கக் கணக்கில் பிரித்தேன். வருடக் கணக்கில் பிரித்திருக்க வேண்டும். ஓப்பலின் புத்தகம் மெலிது. இரண்டு பக்கத்துக்கு ஒரு வருடம் ஓடுகிறது. போன வாரம் அவளுடைய லிங்கன் நாடக அரங்கில் சுடப்பட்டு இறந்தார். காலியான சாய்வு நாற்காலி ஒன்றைச் சுவர்க் காகிதத்தில் வரைந்து, கறுப்பு வண்ணம் பூசினாள். ஒழுங்காகத்தான் செய்தாள்.

இராத்திரிச் சாப்பாட்டின்போது ஐரிஸ் பேச்சுவாக்கில், “லிங்கன் இன்னைக்குத் தளபதிக்கு ஒரு கடுதாசி எழுதுறாரும்மா. நல்லாத் திட்டியிருக்காரு. அப்புறம் அனுப்பாமலே வெச்சுட்டாரு” என்றாள்.

ஓப்பல் கரண்டியைக் கீழே வைத்தாள். “அவரு செத்துட்டாரே.”

“உன் புக்குல செத்துட்டாரு. என் புக்குல இன்னும் இருக்காரு” என்றாள் ஐரிஸ்.

“என்னோடதுல குதிரை மேல போயிட்டிருக்காரு” என்று ஹ்யூகோவும் சேர்ந்துகொண்டான்.

ஓப்பல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்: “அம்மா, அப்பா எந்தப் புக்குல இன்னும் சாகல?”

யாரும் சாப்பிடவில்லை, மாமா.

அவளுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது, அடக்கத்தின்போது செல்மா வீட்டில் படுத்துக் கிடந்தாள், உங்களுக்கே தெரியும். அவள் எதையும் பார்க்கவில்லை. அப்பா செத்துவிட்டார் என்று நான் சொன்னேன், தலையாட்டினாள். இப்போதுதான் புரிகிறது, அவள் அதை ஒரு புத்தகத்தில் நடந்ததாக வைத்துக்கொண்டிருக்கிறாள். மற்ற புத்தகங்களைத் தேடுகிறாள்.

இப்போது ஐரிஸின் புத்தகத்தைத் திறக்க விடுவதில்லை. மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். “படிச்சா அவரும் செத்துடுவாரு” என்கிறாள். பிடித்து இழுத்தால் வீடே கிடுகிடுக்க அலறுகிறாள். மூன்று புத்தகமும் நின்றுவிட்டன. நான் அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மே மாதம் வருகிற ஆசிரியை சுவரைப் பார்த்து என்ன நினைப்பாள்?

நேற்று ஓப்பல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தாத்தாகிட்ட புக்கே இல்ல. எல்லாத்தையும் தலைக்குள்ளதான் வெச்சிருக்காரு. தாத்தாகிட்ட அப்பா இப்ப எங்க இருக்காருன்னு கேளு.”

கேட்டுவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது.

நேடீன்


பைக் ஏரி
ஜனவரி 6, 1998

நேடீனுக்கு,

உன் கடிதத்தை செல்மா ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படி என்றேன், மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள்தான் வந்தாள். கிறிஸ்துமஸ் எல்லாம் எப்படிப் போனதோ தெரியாது.

பள்ளியில் போடு என்று இந்தத் தடவை நான் சொல்லப் போவதில்லை. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எழுத்து தெரிந்த நீயே திணறுகிறாய். பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவளுக்குப் படித்துக் காட்டு.

ஓப்பல் கண்ணு, என்கிட்ட உன் அப்பா இப்போதுதான் பிறந்திருக்கிறான்.

அன்றைக்கு ஒரே பனி. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். நம் குளியல் குடில் இருக்கிறதே, கல்லைச் சூடாக்கி ஆவி பிடிக்கிற குடில், அங்கேதான் கதகதப்பு என்று உன் பாட்டியைப் போர்வையோடு தூக்கிப் போனேன். மருத்துவச்சி ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சறுக்கி வந்தாள். மூக்கு நுனியில் ஐஸ் தொங்கியது. உன் அப்பா வெளியே வந்தபோது தோல் எல்லாம் சிவப்பு, வேகவைத்த நண்டு போல. அழவில்லை. மருத்துவச்சியின் மூக்கில் தொங்கிய ஐஸ் உருகி அவன் வயிற்றில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் கத்தினான் பார், நாய்களெல்லாம் பதில் கத்தின.

இதுதான் முதல் பக்கம். அடுத்தது தெரிய வேண்டுமென்றால் அக்காவின் புத்தகத்தை விட்டு எழுந்திரு.

தாத்தா


ஹேடன்
பிப்ரவரி 3, 1998

மாமாவுக்கு,

எழுந்துவிட்டாள். நீங்கள் சொன்னதை நான் படிக்கப் படிக்க வாயில் விரலை வைத்துக் கேட்டாள். பிறகு சுவர்க் காகிதத்தில் எல்லா வருடங்களையும் தாண்டி வலது கோடிக்குப் போய், சிவப்பு நண்டு ஒன்றை வரைந்தாள். “இதுதான் அப்பா. தாத்தாவோட புக்” என்றாள். நமக்கு இப்போது நான்கு சரித்திரப் புத்தகம்.

அதன் பிறகு வந்த உங்கள் இரண்டு கடிதங்களையும், ஏரி நடுவில் அவர் அம்மாவுக்காக நின்றதைச் சொன்ன அந்த அக்டோபர் கடிதத்தையும் படித்தோம். ஆனால் ஒரு வேண்டுகோள், மாமா. வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு கடிதத்தில் அவருக்கு மீசை முளைக்கிறது, அடுத்ததில் நடை பழகுகிறார். ஓப்பல் அழித்து அழித்துக் காகிதம் கிழிந்துவிட்டது.

மற்ற மூன்றையும் நான் வருடக் கணக்கில் மாற்றி அடுக்கிவிட்டேன். யோசித்து யோசித்து இப்படி ஒரு வழி கண்டேன். அவளுடைய புத்தகத்தில் முதலிலிருந்து மறுபடி வருகிறோம். ஆக, மார்ச் கடைசி வாரத்தில் மூன்று புத்தகத்திலும் லிங்கன் ஒரே நாளில் இறப்பார். ஒருவருடைய புத்தகத்தில்கூட அவர் உயிரோடு இருக்க மாட்டார். அப்போது அவள் ஓடி ஒளிய வேறு புத்தகம் இருக்காது.

உங்களுடையதைத் தவிர.

அதனால் கேட்கிறேன். அந்த வாரம் உங்கள் கடிதமும் அங்கே வந்து சேர வேண்டும். ஆர்னியின் அந்த நாளுக்கு. நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள்.

நேடீன்


பைக் ஏரி
பிப்ரவரி 22, 1998

நேடீனுக்கு,

நீ கேட்பது என்னவென்று தெரிந்துதான் கேட்கிறாயா? உன் அட்டவணைக்காக நான் என் மகனைக் குறித்த தேதியில் சாகடிக்க வேண்டுமா? அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்ட பலகையை நான் இன்னும் கொட்டகைக்குள் கொண்டுவரவில்லை.

“இத எழுத வேண்டாம், அவளும் புருசனப் பறிகொடுத்தவதான்” என்கிறாள் செல்மா. எழுதிவிட்டாள். எழுதியது இருக்கட்டும்.

பிள்ளைக்கு இதைப் படி:

ஓப்பல் கண்ணு, உன் அப்பாவுக்கு இப்போது உன் வயது. தூண்டிலில் என் கை நீளத்துக்கு ஒரு மீன் பிடித்தான். கொல்லக் கூடாது என்று குளியல் குடிலின் தண்ணீர்ப் பீப்பாயில் விட்டுவிட்டான். அதன் கீழுதடு முன்னால் துருத்திக்கொண்டிருந்ததால் ‘போதகர்’ என்று பெயரும் வைத்தான். சனிக்கிழமை எங்கள் திருச்சபைப் போதகர் ஆவிக் குளியலுக்கு வந்தார். இருட்டில் தண்ணீர் மொள்ளப் பீப்பாய்க்குள் கையை விட்டார். அப்புறம் அவரை நாங்கள் பார்த்தது பனியில், துண்டுகூட இல்லாமல். உன் அப்பா பின்னாலேயே ஓடினான். “போதகர் கடிக்க மாட்டாரு போதகரே, அவரு சாது!” என்று கத்தினான்.

அவனுக்கு ஆறு வயது. இங்கே நிற்கட்டும். நல்ல வயது.

வில்ஹோ


ஹேடன்
மார்ச் 8, 1998

மாமாவுக்கு,

மீன் கதையை ஒன்பது தடவையாவது படித்திருப்பேன். ஹ்யூகோ நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் சொற்களை மறுபடி சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அதனால்தான் உங்கள் தலையில் கட்டப் பார்த்தேன். அது அட்டவணைக்காக இல்லை. ஓப்பல் ஒவ்வொரு ஞாயிறும் தன் தட்டின் பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கிறாள். “தாத்தாவோட புக்குல அப்பாவுக்கு ஆறு வயசுதான். வளந்து வர நேரமாகும்” என்கிறாள். அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வைக்கிறவள் நான்.

மற்ற மூன்று புத்தகங்களிலும் நான் குறித்த வாரத்துக்கு முன்பே லிங்கன் நாடகத்துக்குக் கிளம்பிவிட்டார். வண்டியில் ஏறப் போகிறார். அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். நிற்கிறோம்.

நேடீன்


பைக் ஏரி
மார்ச் 22, 1998

ஓப்பலுக்கு,

உன் அம்மா படிக்கட்டும். அவளுக்குக் குரல் வராவிட்டால் ஐரிஸ் படிக்கட்டும்.

உன் அப்பா வளர்ந்துவிட்டான், கண்ணு. மீசை வந்தது. உன் அம்மாவைப் பார்த்தான், கல்யாணம் ஆனது, நீங்கள் மூவரும் பிறந்தீர்கள். இதையெல்லாம் நான் தனித்தனியாக அப்புறம் சொல்கிறேன். இப்போது போன வருடம் மார்ச் மாதக் கடைசிக்கு வந்துவிட்டோம்.

காலை. உனக்கு அம்மை. செல்மா வீட்டில் படுத்திருக்கிறாய். உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் நிற்கிற மீன்பிடிக் குடில்களை மாதம் முடிவதற்குள் கரைக்கு இழுத்துவிட வேண்டும், அது சட்டம். எல்லாரும் இழுத்தாகிவிட்டது, நம்முடையது ஒன்றுதான் பாக்கி. இரண்டு நாளாக வெயில். கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அடுப்படியில் நின்று கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றான். தோல் பூட்ஸைப் போட எடுத்தான், ஈரமாகிவிடும் என்று திரும்ப வைத்தான். ரப்பர் பூட்ஸ் போட்டான். நாய் கூட வரப் பார்த்தது. “நீ இரு, பெரிய மனுஷா” என்று கதவை முழங்காலால் சாத்தினான். அப்புறம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, “காபிய அடுப்பிலேயே வெச்சிருங்கப்பா, ஒரு நடைதான், வந்துருவேன்” என்றான். எனக்குக் காது கேட்காது என்று உரக்கச் சொன்னான். கேட்டது.

அவனுடைய வண்டி கிளம்பி ஏரிப் பக்கம் இறங்கியது. நான் காபிப் பாத்திரத்தை அடுப்பின் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

இதற்கு அடுத்த பக்கம் எனக்குத் தெரியும், கண்ணு. ஒரு சொல் விடாமல் தெரியும். செல்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வாய் திறக்கவில்லை. நேடீன், என்னால் முடியவில்லை. காபிப் பாத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறேன்.

வில்ஹோ


ஹேடன்
ஏப்ரல் 5, 1998

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து நான்தான் படித்தேன். காபிப் பாத்திரத்தை நகர்த்தினீர்கள் என்ற இடம் வரை குரல் வந்தது. மீதியை ஐரிஸ் படித்தாள். படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

“தாத்தா ஏன் நிறுத்திட்டாரு?” என்று கேட்டாள் ஓப்பல்.

“அவருக்கு அடுத்த பக்கம் வரல” என்றான் ஹ்யூகோ.

நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அவள். “ஐஸ் உடைஞ்சிருச்சு. அப்பா செத்துட்டாரு.” பிறகு ஐரிஸிடம், “உன் புக்குலயும்தானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஐரிஸ். ஹ்யூகோவைப் பார்த்தாள். அவனும் தலையாட்டினான். “அம்மா புக்குலயும்?”

ஆமாம் என்றேன், மாமா. அவ்வளவுதான் சொன்னேன்.

அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். போன வருடம் அழாததும் சேர்ந்து வந்தது. மறுநாள் சுவரின் வலது கோடிக்குப் போய், நண்டையும் மீனையும் தாண்டி, ரப்பர் பூட்ஸ் இரண்டை வரைந்து கறுப்பு அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை தட்டு வைக்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்க்க நான்தான் தயாராக இருக்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று புத்தகத்தையும் எடுத்தேன். லிங்கன் இறந்ததைப் படித்தோம். ஓப்பல் எங்கேயும் ஏறி உட்காரவில்லை. அப்பாடா என்று அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனேன். என் கை மேல் தன் கையை வைத்தாள்.

“தாத்தா இன்னும் வரலையே” என்றாள்.

“எங்க வரல?”

“அவரு இன்னும் காபிகிட்டேயே நிக்கிறாரு. நாம முந்தி வந்துட்டோம்.” அப்பாவின் விதியை அம்மா மறந்துவிட்டாள் போல என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இழுக்கக் கூடாது. நாம நிக்கணும்.”

மே மாத ஆசிரியையின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பக்கம் பாக்கி இருக்கிறது, கையெழுத்து வேண்டும், பேருந்து வரும் என்றெல்லாம் சொன்னேன். “பஸ் வந்தா, தாத்தா வந்ததும் ஏறிக்கிறேன்னு சொல்லு” என்கிறாள். ஐரிஸும் அவள் பக்கம். ஹ்யூகோ புத்தகங்களைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டான். நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

அட்டவணையில் இந்த வாரத்தைக் காலி என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரத்தையும்.

ஓப்பல் என் பக்கத்தில் நின்றுகொண்டு, இதையும் எழுது என்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “தாத்தா, நாங்க கைய கக்கத்துல வெச்சுக்கிட்டு நிக்கிறோம். நீங்க மெதுவாவே வாங்க.”

நேடீன்